மாமனாரின் காருக்குப் பூசிய நிறம்

பஞ்சு முழுக்கச் சிவந்துவிட்டது. சாரம் பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பக்கவாட்டில், தகரக் கூரை போட்ட கொட்டகைக்குள் நிற்கும் பழைய பிரெஞ்சுக் காரின் முன் இருக்கையில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். கையில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு. இருக்கைத் தோலை ஒருமுறை அழுத்தித் துடைத்ததற்கே அவ்வளவு சிவப்பு இறங்கி வந்தது. சேதராப்பட்டில் தோல்பை செய்யும் தொழிற்சாலையில், சாயம் ஏற்றும் பிரிவில் வருடக்கணக்காக வேலை பார்க்கிறவள் நான். தோலிலிருந்து பழைய சாயம் கழன்று வருவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்த கண் என்னுடையது. ஆனாலும் அன்று என்னவோ, தூங்குகிற மனிதருக்குத் தெரியாமல் அவர் உடுப்பைக் கழற்றுவது போலக் கூச்சமும் பயமுமாக இருந்தது.

அந்த உடுப்புக்குச் சொந்தக்காரர் என் மாமனார். நெஞ்சில் சளி கட்டி அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் காரின் உட்புறம் முழுவதையும், இருக்கை, கதவு, கைப்பிடி ஒன்று விடாமல், சிவப்பிலிருந்து காப்பிக்கொட்டை நிறத்துக்கு மாற்றிவிட வேண்டும். வந்து கதவைத் திறந்து பார்க்கிறவர் இது தன்னுடைய கார் இல்லை என்று நம்பிவிட வேண்டும். நம்பினால் ஓட்ட மாட்டார். இதுதான் திட்டம். திட்டம் போட்டது என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. பல்லி விழுந்தால் அலறுவேன். இடி இடித்தால் கட்டிலுக்கடியில் புகாத குறைதான். இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் எங்கள் வீட்டில் கிடையாது. ஆனால் அந்த வருடம் எங்கள் வீட்டில் பயப்படாதவர் என்று ஒருவர்தான் மிச்சமிருந்தார். அது மாமா.

மாமா இளவயதிலேயே பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, எங்கெங்கோ இருந்துவிட்டு, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். இப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். தெருவில் அவர் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் வீடு சொல்தா வீடு, எங்கள் பெண் சொல்தா வீட்டுப் பாப்பா. நானும் கல்யாணமாகி வந்த மறுநாளே சொல்தா வீட்டு மருமகள் ஆகிவிட்டேன். காலையில் சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டுக்கொள்ளாமல் அவர் தெருவாசலுக்குக்கூட வர மாட்டார். அத்தையை அவர் ஷேரி என்று கூப்பிடுவார். பிரெஞ்சில் அன்பே என்று அர்த்தம். கீரை வாங்கும்போதும் ஷேரி, மருந்து கேட்கும்போதும் ஷேரி. தெருப் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு அத்தை கடைக்குப் போகும்போது பின்னாலிருந்து ஷேரி, ஷேரி என்று கத்திவிட்டு ஓடும். அத்தை வெட்கத்தில் அவரைத் திட்டித் தீர்ப்பார். ஆனால் வேறு எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

கார் அவருக்கு ஒரு பிரெஞ்சு வாத்தியாரிடமிருந்து வந்தது. அவர் ஊரைவிட்டுப் போகும்போது மாமாவிடம் விட்டுப் போனாராம். ஸ்டியரிங் இடது பக்கம். முன்னால் போகும் வண்டியைத் தாண்ட வேண்டுமென்றால் வலது பக்கம் உட்கார்ந்திருப்பவர் தலையை நீட்டிப் பார்த்து, வரலாம் என்று சொல்ல வேண்டும். அத்தை பல வருடம் அந்த வேலையைப் பார்த்தார். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. வெளிப்பூச்சு எத்தனையோ முறை மாறிவிட்டது. சாம்பல், பிறகு வெள்ளை, பிறகு பிஸ்கட் நிறம். அதைப் பற்றி மாமாவுக்குக் கவலையே இல்லை. உள்ளே இருக்கும் சிவப்புத் தோல்தான் அவருக்கு உயிர். பீட்ரூட் வேகவைத்த தண்ணீரின் நிறம் அது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மெல்லிய துணியால் அதைத் துடைத்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார். உள்ளே உட்கார்ந்து யாரும் எதுவும் தின்னக்கூடாது. கடற்கரைக்குப் போய் நனைந்த கால்சட்டையோடு ஏறியதற்காக என் புருஷனைச் சின்ன வயதில் பாதி வழியில் இறக்கி நடக்க விட்டாராம். இப்போது பிரான்ஸில் வேலை பார்க்கும் என் புருஷன், அந்த நடையைப் பற்றி இன்னமும் போனில் புலம்புவார்.

மறதி எப்போது ஆரம்பித்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் அத்தை காப்பி கொடுத்தபோது மாமா வாங்கிக்கொண்டு, "மெர்சி, மதாம்" என்றார். மெர்சி என்றால் நன்றி. மதாம் என்பது முன்பின் தெரியாத பெண்களை மரியாதையாகக் கூப்பிடுவது. விளையாடுகிறார் என்று நாங்கள் சிரித்தோம். அத்தையும் சிரித்தார். மறுநாளும் மதாம். அதற்கடுத்த வாரம் ஷேரி ஒருமுறை வந்தது, அப்புறம் வரவேயில்லை. சோறு போட்டால் எழுந்து நின்று நன்றி சொல்வார். அத்தை உள்ளே வந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார். ஒரு பெண்ணுக்கு வேறு எந்தப் புருஷனும் அவ்வளவு மரியாதை கொடுத்து நான் பார்த்ததில்லை. அந்த மரியாதையைத் தாங்க முடியாமல் அத்தை சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று அழுததையும் நான்தான் பார்த்தேன்.

இவ்வளவு மறந்தவருக்குக் கார் மறக்கவில்லை. அதை ஓட்டவும் மறக்கவில்லை. என் தாய்வீடு பிள்ளைச்சாவடியில் இருக்கிறது. அங்கே என் சித்தி மகளுக்கு நிச்சயம் என்று கிளம்பிய நாளில், தானே கொண்டுபோய் விடுவதாக மாமா வந்தார். கைகளில் ஒரு தடுமாற்றமும் இல்லை, கியர் போடுவதில் ஒரு பிசகும் இல்லை. நான் முன்னால் உட்கார்ந்தேன், என் பெண் பின்னால். ஊரைத் தாண்டிக் கடற்கரைச் சாலையில் ஏறியதும் அவர் அமைதியாக வண்டியைச் சாலையின் வலது பக்கத்துக்குக் கொண்டுபோனார். முன்னால் போகும் வண்டியைத் தாண்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். முன்னால் வண்டியே இல்லை. அவர் அங்கேயே, வலது ஓரத்திலேயே, நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார். எதிரே வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று ஒடித்துக்கொண்டு விலகியது. அதன் பின்னால் பஸ் வந்தது.

மாமா என்று கத்தினேனா, ஏசுவே என்று கத்தினேனா, எனக்கே தெரியாது. பஸ்காரர் புண்ணியத்தில் பஸ் சாலையைவிட்டு மணலில் இறங்கியது. எங்கள் வண்டி ஓர் இளநீர்க் குவியலை இடித்துக்கொண்டு நின்றது. என் பெண் பின்னால் இருக்கைக்குக் கீழே விழுந்து கிடந்தாள். அழக்கூட இல்லை. மாமா கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி வருத்தப்பட்டார். "எல்லாரும் தப்புப் பக்கத்துல வரானுங்க பாரு. குடிச்சிட்டு ஓட்டுறானுங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் ஓட்டிக்கொண்டிருந்தது எங்கள் ஊர்ச் சாலையில் அல்ல. பிரான்ஸில் வண்டிகள் வலது பக்கம்தான் போகும். ஸ்டியரிங்கும் இடது பக்கம் இருக்கிறது. பட்டாளத்தில் இருந்த காலத்துக்குத் திரும்பிப் போய்விட்டவருக்கு அந்தச் சிவப்பு இருக்கையில் உட்கார்ந்ததும் எல்லாம் சரியாக இருந்திருக்கிறது. தடுமாறுகிற கிழவராக இருந்தால் பிடித்து நிறுத்தலாம். இவர் தடுமாறவே இல்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாருக்கும் காது அந்தக் கொட்டகைப் பக்கமே இருந்தது. சாவியை ஒளித்தோம். மாமா நாள் பூராவும் தேடினார், பிறகு கோபம் வந்தது. வாழ்நாளில் கை ஓங்காத மனிதர் அத்தையைப் பார்த்துக் கை ஓங்கினார். தன் சாவியைத் திருடிய வேலைக்காரி என்று அவரை நினைத்துவிட்டார். பேட்டரியைக் கழற்றினோம். அவர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போய், தெரிந்த மெக்கானிக்கைக் கையோடு கூட்டி வந்துவிட்டார். சொல்தா அய்யா சொல்கிறாரே என்று அந்த ஆளும் நல்லெண்ணத்தில் வேறு பேட்டரியைப் பொருத்திவிட்டார். எஞ்சின் கிளம்பிய சத்தத்தைக் கேட்டு அத்தை ஓடிப்போய்க் காரின் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாராம். பள்ளிக்கூடம் விடும் நேரம். வெளியே தெரு நிறையப் பிள்ளைகள். மாமா ஹாரன் அடித்து, தலையை வெளியே நீட்டி, தயவுசெய்து வழிவிடுங்கள் மதாம் என்று பிரெஞ்சில் கேட்டிருக்கிறார். அத்தை நகரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ, மாமாவே சலித்துப்போய் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கியிருக்கிறார். இதையெல்லாம் அத்தை எனக்குப் போனில் சொன்னபோது தொழிற்சாலையில் சாயத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அதற்கப்புறம் வேலை நேரத்தில் எப்போது போன் அடித்தாலும், ஏதோ ஒரு குழந்தை அடிபட்டுவிட்டது என்றுதான் முதலில் தோன்றும்.

விற்றுவிடு என்று என் புருஷன் பிரான்ஸிலிருந்து சுலபமாகச் சொல்லிவிட்டார். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. சாவி காணவில்லை என்பதற்கே தெருத்தெருவாக அலைந்தவர், கார் காணவில்லை என்றால் நடந்தே தேடிப் போய்விடுவார், அப்புறம் எந்த ஊரில் போய்ப் பிடிப்பது என்றார். அது நியாயம்தான். கார் இருக்கவும் வேண்டும், அவருக்கு அதன் மேல் ஆசையும் இருக்கக்கூடாது. இப்படி ஒன்று எங்கே கிடைக்கும் என்று நான் கேட்டேன். கொஞ்ச நாளில் அத்தையே கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்.

கிறிஸ்துமஸ் வருகிறதே என்று வாசல் கேட்டுக்கு நீலத்தை மாற்றிப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தோம். அன்று சாயங்காலம் நடந்துவிட்டு வந்த மாமா எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார். தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்து, மறுபடியும் தாண்டிப் போனார். கடைசியில் எதிர்வீட்டுக்காரரிடம், நீலக் கேட் போட்ட வீடு எது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அத்தை அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்துவிட்டு என்னிடம் வந்து நின்றார். "கேட்டுக்குப் பெயிண்ட் அடிச்சதுக்கே வூடு தெரியாமப் போச்சி. வண்டிக்கு உள்ள மாத்திட்டா வண்டியும் தெரியாமப் போவும்ல? நீ சாயம் போடுறவதான."

மாமாவுக்குச் சளி முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் அத்தை அங்கே துணைக்கு இருந்தார். நான் லீவு போட்டுவிட்டுக் கொட்டகைக்குள் புகுந்தேன். நல்ல தோல் அது. முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுத்து, பிறகு ஸ்பிரிட்டால் மேல்பூச்சைக் கழற்றி, மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தேன். தையல் ஓரங்களில் மட்டும் சிவப்பு போக மறுத்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமா துடைத்த துடைப்பில் மெழுகு தையலுக்குள் இறங்கி ஊறிப்போயிருந்தது. பழைய பல்துலக்கியை வைத்துச் சுரண்டி எடுத்தேன். ஸ்பாஞ்சில் காப்பிக்கொட்டைச் சாயத்தைத் தொட்டு மெலிதாக ஒரு பூச்சு, காய்ந்தபின் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று. ஒவ்வொரு முறை காய்ந்த பிறகும் சிவப்பு அடியிலிருந்து எட்டிப் பார்த்தது. வேலையில் இப்படி நடந்தால் எரிச்சல் வரும். அன்று பயம் வந்தது. தெருவில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டாலெல்லாம் மாமாதான் வந்துவிட்டார் என்று ஸ்பாஞ்சை முந்தானைக்குள் மறைத்தேன். கடைசியில் எல்லாம் ஒரே அடர்த்தியாகப் படிந்து, மேலே மெருகுப் பூச்சும் கொடுத்து முடித்தபோது, அந்தக் காருக்குள் பகலிலும் இருட்டாக இருந்தது. வேலை சுத்தமாக வந்திருந்தது என்பதை நானே சொல்லிக்கொள்கிறேன்.

சாயத்தின் நெடி மட்டும் போகவில்லை. கதவுகளைத் திறந்து போட்டும், காப்பித் தூளைத் தட்டில் வைத்தும் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுத்துப் போக வந்த அத்தை மூக்கைச் சுளித்துவிட்டு, தூபக்கால் எடுத்து நெருப்பு போட்டு, காருக்குள் சாம்பிராணி காட்டினார். எங்கள் வீட்டில் எந்த நாற்றத்துக்கும் அதுதான் மருந்து. கதவை அடைத்துப் புகையை உள்ளேயே நிற்க வைத்தார். நெடி போய்விட்டது. அந்தச் சாம்பிராணிதான் காரியத்தை வேறு பக்கம் திருப்பப் போகிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மாமா வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனார். நானும் அத்தையும் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தை என் தோளைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு வலித்தது. அவர் இடப்பக்கக் கதவைத் திறந்தார். குனிந்தார். அப்படியே நின்றார். பிறகு நிமிர்ந்து, நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். கதவைச் சத்தமே வராமல் சாத்தினார். உள்ளே வந்து எங்கள் இருவரையும் பார்த்து, தணிந்த குரலில் கேட்டார். "யாரு போயிட்டாங்க?"

எங்களுக்குப் புரியவில்லை. யாரும் எங்கும் போகவில்லை என்று அத்தை சொன்னார். அவர் கேட்டுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. அறைக்குள் போய் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் மாற்றிக்கொண்டு வந்து, முன்னறையில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தார். அடக்கத்துக்குப் போகும்போது அவர் உடுத்துகிற உடுப்பு அது. அத்தைதான் முதலில் புரிந்துகொண்டார். இருட்டான உள்பக்கம், சாம்பிராணி வாசம், அசையாமல் நிற்கிற நீண்ட வண்டி. அவர் அதைச் சாவு வண்டி என்று நினைத்துவிட்டார். சவப்பெட்டியை எடுத்துப் போகக் கோயிலிலிருந்து வந்து நம் வீட்டில் நிற்கிறது, ஆகவே நம் வீட்டில்தான் யாரோ செத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்.

முதலில் எங்களுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அவர் காரைத் தொடவில்லை. சாவி கேட்கவில்லை. தொழிற்சாலையில் போன் அடித்தால் நான் எடுத்துச் சாதாரணமாகப் பேசினேன். என் பெண் கேட்டுக்கு வெளியே மறுபடி விளையாடப் போனாள். ஆனால் மற்றதையெல்லாம் மறந்தவர் அந்த வண்டி நிற்பதை மட்டும் மறக்கவில்லை. ஜன்னல் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்தார். இன்னும் போகவில்லையே என்றார். யாருக்காக நிற்கிறது என்று கேட்டார். சாம்பிராணி வாசம் போன பிறகும் அது அவருக்குச் சாவு வண்டியாகவே இருந்தது. எத்தனையோ சண்டைகளில் துப்பாக்கி பிடித்தவர் என்று சொல்வார்கள், அந்த மனிதருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. எங்கள் பயத்தையெல்லாம் வழித்தெடுத்து அவர் தலையில் கொட்டிவிட்டோம் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு ஒரு சாயங்காலம் அவருக்கே பதில் கிடைத்துவிட்டது. அத்தை செபமாலை சொல்லக் கோயிலுக்குப் போகச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். மாமா பின்னாலிருந்து வந்து அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. "வெளிய போவாத ஷேரி. அது உன்னத்தான் கூட்டிம்போவ வந்துகீது."

நான் கதவருகே நின்றிருந்தேன். அத்தை செருப்பைக் கழற்றக்கூட மறந்து அவர் முகத்தையே பார்த்தார். அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவு காலமாகியிருந்தது. அன்று மாமா அவரைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, மணிக்கட்டை விடாமல், அவர்கள் கல்யாணத்தைப் பற்றி, முதல் பிள்ளை பிறந்ததைப் பற்றி எல்லாம் சரியாகச் சொன்னார். நடுநடுவே ஜன்னலைப் பார்த்தார், உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. இது தினமும் நடந்தது. காலையில் அத்தை மதாமாக இருப்பார். சாயங்காலம் வெயில் இறங்கி, கொட்டகைக்குள் கார் இருட்டாகத் தெரிந்ததும் அவருக்குப் பயம் பிடிக்கும். பயம் பிடித்ததும் அத்தை ஷேரி ஆகிவிடுவார்.

அவர் நடுங்குவதை என்னால் பார்க்க முடியவில்லை. சாப்பாடு குறைந்துவிட்டது, கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. தொழிற்சாலையில் கேட்டு அதே சிவப்பில் சாயம் வாங்கி வந்தேன். காப்பிக்கொட்டை நிறத்தைக் கழற்றிவிட்டுப் பழையபடி ஆக்கிவிடலாம், ஓட்ட முடியாதபடிக்கு எஞ்சினையே இறக்கி எடுத்துவிடலாம், கோபப்பட்டால் படட்டும், இப்படி நடுங்குவதைவிடக் கோபம் மேல் என்று அத்தையிடம் சொன்னேன். அத்தை டப்பாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"மாத்தாதம்மா, இருக்கட்டும்" என்றார்.

மாமா தினம் தினம் செத்துப் பிழைக்கிறாரே, உங்களுக்குக் கண் தெரியவில்லையா என்று கேட்டுவிட்டேன். அவரிடம் நான் குரலை உயர்த்தியது அந்த ஒருமுறைதான்.

"தெரியுது. எனக்குத் தெரியாதா. ஆனா பயம் வந்தாத்தான் நான் யாருன்னு அவருக்குத் தெரியுது. பயம் போச்சின்னா நான் திரும்ப மதாம் ஆயிடுவேன்." சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் டப்பாவை அலமாரிக்கு மேலே தூக்கி வைத்தார். "இது பாவம்னா ஆண்டவரு என்கிட்ட கேக்கட்டும்."

எனக்கு அன்று அவர் மேல் கோபம் வந்தது. எவ்வளவு சுயநலம் என்று நினைத்தேன். புருஷன் வேறு நாட்டில் இருக்க, வாரத்துக்கு ஒருமுறை போனில் முகம் பார்க்கிற எனக்கு, அதே நேரத்தில் அவர் சொன்னதும் புரியத்தான் செய்தது. அதற்கு விலையாக அவர் கொடுத்ததையும் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையைக்கூடத் தவறவிடாத அத்தை கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். வாசலைத் தாண்டினால் மாமா தாங்க மாட்டார் என்று கோயில் சாமியார் வீட்டுக்கு வந்து, பூசையில் தரும் நன்மை அப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அத்தை பால் வாங்கக்கூட வெளியே போகவில்லை. மணிக்கட்டில் அவர் விரல்கள் பதிந்த இடம் கன்றிப்போய்க் கிடந்தது. அந்தக் கைக்கு மட்டும் வளையல் போடுவதை விட்டுவிட்டார்.

இப்போது மாமா இல்லை. கார் இன்னும் கொட்டகையில்தான் நிற்கிறது. கல்யாணங்களுக்குப் பழைய கார் வாடகைக்கு விடும் ஒருவர் போன மாதம் வந்து பார்த்தார். உள்ளே தடவிப் பார்த்துவிட்டு, கம்பெனியிலிருந்தே இந்த நிறம்தானா என்று கேட்டார். இல்லை, அடியில் சிவப்பு இருக்கிறது என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வெள்ளைக் கவுன் போட்ட மணப்பெண்ணுக்குச் சிவப்பு எடுப்பாக இருக்கும், மாற்றித் தர முடியுமா என்றார். நான் அத்தையைப் பார்த்தேன். போட்டவள் நீ, எடுப்பதும் வைப்பதும் உன் பாடு என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். யோசித்துச் சொல்வதாக அந்த ஆளை அனுப்பிவைத்தேன். இன்னும் சொல்லவில்லை. பஞ்சை எடுத்தால் ஆம்புலன்ஸ் வந்த நாள்தான் நினைவுக்கு வருகிறது.

அது மழைக்காலம். சளி மறுபடி நெஞ்சைப் பிடித்து மாமாவுக்கு மூச்சு இழுத்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம். பின்கதவு திறந்த நீண்ட வண்டி வாசலில் வந்து நின்றதைக் கட்டிலில் இருந்தபடியே அவர் பார்த்துவிட்டார். அத்தை துணிப்பையை எடுத்துக்கொண்டு செருப்பைத் தேடினார். மாமா என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை மாதம் பயந்தது நடந்துவிட்டது, வண்டி ஷேரியை ஏற்றத் தயாராகிவிட்டது. கத்துவார், அத்தை கையை உடைக்கிற மாதிரிப் பிடித்துக்கொள்வார் என்று நான் நடுங்கினேன். அவர் அத்தையின் மணிக்கட்டைப் பிடித்தார். பிறகு, தானாகவே, ஒவ்வொரு விரலாக எடுத்து, அந்தக் கையை விட்டார். ஸ்ட்ரெச்சர் வேண்டாம் என்று எழுந்தார். சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். சுவரைப் பிடித்தபடி வாசல் வரைக்கும் நடந்து போய், டிரைவரிடம் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். "அவள வுட்டுடுங்க. நான் வரேன்."

டிரைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சரி அய்யா, வாங்க என்று கைகொடுத்தார். அத்தை ஏறப் போனபோது மாமா பார்த்த பார்வையில் அவர் படியிலேயே நின்றுவிட்டார். நான்தான் கூட ஏறினேன். அத்தை ஆட்டோ பிடித்துப் பின்னால் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

வழியில் ஒருமுறை மாமா மூக்கிலிருந்த குழாயை விலக்கி என்னைக் கூப்பிட்டார். "அவ வூட்டுலதான இருக்கா?"

"ஆமா மாமா. வூட்டுலதான் இருக்காங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவருடைய கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அது நடுங்கவில்லை.